கடை வாசலோடு நின்றுவிடும் சட்டம்

சம்பா நடவு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமத்தில் உழவர் கூட்டம். வருகிறவர்கள் கடைசியாக அடித்த மருந்தின் காலி பாட்டிலையோ டப்பாவையோ கையோடு கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். பதினேழு வந்து சேர்ந்தன. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இதில் எழுதியிருப்பதைப் படித்தீர்களா?" இரண்டு பேர் படித்திருந்தார்கள். மற்றவர்களுக்குக் கடைக்காரர் சொன்ன அளவே போதுமானதாக இருந்தது. பின்வரிசையில் நின்றிருந்த, கூலிக்கு மருந்து அடிக்கும் ஒருவர், "எனக்குப் பாட்டிலையே காட்ட மாட்டாங்க சார். கலக்கி வச்சிருப்பாங்க, நான் தூக்கிட்டுப் போய் அடிப்பேன்" என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

நம் நாட்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் எவ்வளவு தூரம் வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை அவருடைய பதில் காட்டிவிடுகிறது. மருந்துத் தொழிற்சாலை, கிடங்கு, கடை என எல்லா இடத்திலும் சட்டம் இருக்கிறது. பாட்டில் கைமாறி உங்கள் வரப்பைத் தாண்டிய பிறகு, அந்தச் சட்டத்தின் சார்பில் உங்களோடு வருவது பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிள் மட்டுமே. அதையும் யாரும் படிக்காவிட்டால் வயலுக்குள் சட்டமே இல்லை என்றுதான் பொருள். அதன் விலையைத் தருபவர் பெரும்பாலும் அந்தப் பின்வரிசைக்காரர்.

சட்டம் பிறந்த கதை

1958-ஆம் ஆண்டு கேரளத்தில் பாரத்தியான் என்னும் கொடிய பூச்சிக்கொல்லி, உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட கோதுமை மாவில் கலந்துவிட்டது. அந்த மாவில் செய்த உணவை உண்டு 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நஞ்சையும் உணவையும் அருகருகே ஏற்றி இறக்கக் கூடாது என்று தடுக்கக்கூட அன்று தனிச் சட்டம் கிடையாது. அந்தத் துயரத்தின் விளைவாகத்தான் 1968-இல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1971-இல் விதிகள் வகுக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தது. பெயரில் பூச்சிக்கொல்லி என்று இருந்தாலும், களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, எலிக்கொல்லி எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும்.

சட்டம் செய்யும் வேலை சிறியதல்ல. ஒரு மருந்து இந்தியாவில் விற்பனைக்கு வர வேண்டுமானால், மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தோடு இணைந்து செயல்படும் பதிவுக் குழுவிடம் பதிவு பெற வேண்டும். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு அளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதற்கெல்லாம் சோதனை விவரங்களைத் தர வேண்டும். தயாரிக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். பூச்சிக்கொல்லி ஆய்வாளராக அறிவிக்கப்பட்ட வேளாண் அலுவலர் கடைக்குள் நுழைந்து மாதிரி எடுக்கலாம், இருப்பை முடக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். இன்று நம் நாட்டில் 300-க்கும் மேற்பட்ட மருந்துகள் பதிவு பெற்றுள்ளன. அவை ஒவ்வொன்றின் லேபிளுக்குப் பின்னாலும் இந்த நடைமுறை இருக்கிறது.

ஆனால் அதே சட்டத்தில் 38-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தான் சாகுபடி செய்யும் நிலத்துக்கோ மருந்தைப் பயன்படுத்தினால் இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்கிறது அது. உழவரை வழக்கு, அபராதம் என்று அலைக்கழிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது. அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. அதன் விளைவை மட்டும் பாருங்கள். மருந்தைத் தயாரிப்பவரும் விற்பவரும் மட்டுமல்ல, தெளிப்பவரும் தகுந்த பாதுகாப்பு உடை அணிந்திருக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு விதிகளில் எழுதியிருக்கிறது. காலி பாட்டிலை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் உங்கள் வயலில் இதையெல்லாம் யார் வந்து பார்ப்பது?

வரப்புக்கு அப்பால் நடந்தவை

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். அவர்களில் பலர் கூலிக்கு அடித்தவர்கள். அந்த ஆண்டு பருத்தி ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து வளர்ந்திருந்ததால், தெளித்த மருந்து அடித்தவரின் முகத்திலேயே வந்து படிந்தது. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து அடித்த சிலர் உயிரிழந்தனர். அங்கே அடிக்கப்பட்டவற்றில் பலவும் முறையாகப் பதிவு பெற்று, கடையில் வெளிப்படையாக விற்கப்பட்ட மருந்துகள்தான். கடைவரை ஒழுங்காக வந்த மருந்து, வயலுக்குள் போனபின் ஆளைக் கொன்றது.

2013-ஆம் ஆண்டு ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. மருந்து இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. காலி டப்பாவைக் கழுவி வீட்டுக்கு எடுத்துப்போகும் பழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. அடுத்த முறை கை அதற்கு நீளும்போது அந்த 23 குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை விழுந்த பாட்டிலில் யாரும் எண்ணெய் ஊற்ற மாட்டார்கள்.

லேபிளை எப்படிப் படிப்பது?

லேபிளில் சாய்சதுரமாக ஒரு குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் உள்ள வண்ண முக்கோணத்தை முதலில் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மண்டை ஓட்டுப் படமும் இருக்கும். மஞ்சள் என்றால் கடும் நஞ்சு. நீலம் நடுத்தரம். பச்சை குறைந்த நஞ்சு. பச்சை என்றால் பால் போன்றது என்று பொருள் இல்லை. அதுவும் நஞ்சுதான், அளவில்தான் வேறுபாடு. ஒரே பூச்சிக்கு நீல முக்கோணத்திலும் பச்சை முக்கோணத்திலும் மருந்து இருக்கும்போது, சிவப்பை நோக்கிப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. இதைக் கடையில் நின்று நீங்களே கேட்கலாம்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, உங்கள் பயிரின் பெயர் லேபிளில் இருக்கிறதா என்பது. பருத்திக்குப் பதிவான மருந்தைக் கத்திரியில் அடித்தால், பூச்சி செத்தாலும் காயில் எவ்வளவு நஞ்சு தங்கும் என்பதை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், காய்கறித் தோட்டங்களில் அந்தப் பாட்டில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கொண்டுவந்து போட்டவருக்குத் தடை இருப்பதே தெரியவில்லை.

மூன்றாவது, அளவு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். லேபிளில் எக்டருக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். கடையில் சொல்வதோ டேங்குக்கு இவ்வளவு. ஒரு மருந்துக்கு எக்டருக்கு 500 லிட்டர் தண்ணீரில் 500 மில்லி என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் தண்ணீர். அதாவது லிட்டருக்கு ஒரு மில்லி. 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானுக்கு 16 மில்லி ஊற்ற வேண்டும். மூடியால் அளந்து, கொஞ்சம் கையையும் சேர்த்து 30 மில்லி ஊற்றி 12 டேங்க் அடித்தால், ஏக்கருக்கு 360 மில்லி போய்விடும். 160 மில்லி மருந்தின் காசும் வீண். பயிர் மேல் சுமையும் கூடுதல். விசைத்தெளிப்பானில் கணக்கு வேறு. அங்கே தண்ணீர் குறையும், ஏக்கருக்கான மருந்தின் அளவு கூடாது. ஏக்கருக்கு 60 லிட்டரில் முடித்தாலும் மருந்து அதே 200 மில்லிதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் கைத்தெளிப்பான் அளவு என்று ஒன்றும் விசைத்தெளிப்பான் அளவு என்று மற்றொன்றுமாகக் குழம்புவதில்தான் அதிக அளவும் குறைந்த அளவும் நடக்கின்றன. இரண்டு ரூபாய்க்கு வாங்கும் ஒரு மருந்து ஊசிக்குழலோ, அளவுக் குவளையோ தெளிப்பானோடு கட்டித் தொங்கினால் இந்தத் தவறு பாதி குறையும்.

நான்காவது, காத்திருப்புக் காலம். கடைசியாக மருந்து அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் நடுவே விட வேண்டிய நாள்கள் இவை. தினமும் பறிக்கும் வெண்டை, கத்திரி, கீரை போன்றவற்றில் இதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் பறிப்பு தொடங்கிய பிறகு அடிக்கும் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, காத்திருப்புக் காலம் குறைவானதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உணவுப் பொருளில் எஞ்சியிருக்கலாம் என்று அனுமதிக்கும் நஞ்சின் உச்ச அளவை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்துள்ளது. அளவு வகுக்கப்படாத மருந்துக்கு ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம்தான் எல்லை. பத்துக் கோடியில் ஒரு பங்கு என்று சொன்னால் அது எவ்வளவு சிறியது என்று விளங்கும். நெல்லின் குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்தின் அளவை ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாக 2018 தொடக்கம் முதல் குறைத்தபோது, நம் பாசுமதி ஏற்றுமதி தடுமாறியது. வயலில் தெளிக்கும்போது யாரும் கேட்காத கேள்வியைத் துறைமுகத்தில் கேட்டார்கள்.

தடை என்பது எங்கே போய்ச் சேருகிறது?

மற்ற நாடுகளில் தடை செய்யப்பட்டும் இந்தியாவில் புழக்கத்தில் இருந்த 66 மருந்துகளை ஆராய 2013-இல் அனுபம் வர்மா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் பேரில் 2018 ஆகஸ்டில் 18 மருந்துகளுக்குத் தடை வந்தது. மீத்தைல் பாரத்தியான், கார்பரில், பென்தியான் உள்ளிட்ட 12 மருந்துகளுக்கு உடனடியாக. டைக்குளோர்வாஸ், போரேட், டிரையசோபாஸ், பாஸ்பமிடான் உள்ளிட்ட ஆறுக்கு 2020 டிசம்பர் இறுதியோடு. 2023-இல் டைகோபால், டைனோகேப், மெத்தோமில் ஆகியவை தடைப்பட்டியலில் சேர்ந்தன. கார்போபியூரானில் 3 சதவீதக் குருணை தவிர மற்றவை நிறுத்தப்பட்டன. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதத் திரவ மருந்துக்கும் முடிவு கட்டப்பட்டது. தமிழ்நாடு அரசு 2022-23-இல் மோனோகுரோட்டோபாஸ், புரொபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளின் விற்பனையை 60 நாள்களுக்கு நிறுத்தியது. மருந்து குடித்துத் தற்கொலை செய்துகொள்பவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே அதன் நோக்கம்.

ஏன் 60 நாள் மட்டும் என்று கேட்கலாம். சட்டத்தின் 27-ஆம் பிரிவு மாநில அரசுக்குக் கொடுக்கும் அதிகாரம் அவ்வளவுதான். இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். நிரந்தரமாகத் தடுப்பது மத்திய அரசின் கையில் இருக்கிறது. எண்டோசல்பானை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்கள் மீது பல ஆண்டுகள் வானூர்தியில் அது தெளிக்கப்பட்டது. பிறவிக் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறக்கிறார்கள் என்று மக்கள் போராடி, 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நாடு முழுவதும் அது நின்றது. ஒரு மருந்தின் கேடு தெரிந்த நாளுக்கும் அது நிறுத்தப்பட்ட நாளுக்கும் நடுவே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

இன்னொரு வகை உத்தரவும் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு, கிளைபோசேட் களைக்கொல்லியை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் ஊரில் அப்படி உரிமம் பெற்றவர் ஒருவரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் போய்வரும் ஊர்களில் பார்த்ததில்லை. கடைக்குப் போனால் பாட்டில் கிடைக்கிறது, வரப்பில் அடிக்கப்படுகிறது. தாளில் இருக்கும் இப்படிப்பட்ட கட்டுப்பாடு, உழவரைத் தெரியாமலேயே விதி மீறுபவராக ஆக்குவதைத் தவிர வேறு எதையும் செய்யவில்லை. நிறுத்த வேண்டிய மருந்தானால் நிறுத்த வேண்டும். பயிற்சி பெற்ற ஆளைக் கொண்டுதான் அடிக்க வேண்டும் என்றால் அந்த ஆளை முதலில் ஊருக்குக் கொண்டுவர வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

இதைப் படிக்கும்போது உங்களுக்கு இரண்டு மறுப்புகள் தோன்றியிருக்கும். இரண்டும் நியாயமானவை.

முதலாவது, "மருந்து இல்லாமல் பயிர் வீடு வந்து சேருமா?" சேராத நேரங்கள் உண்டு. மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவையில்லாத மருந்தைத்தான் சொல்கிறேன். நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்ததும் அடிக்க வேண்டியதில்லை. தூர்கட்டும் பருவத்தில் பத்து சதவீத இலைகள் சேதமானால்தான் பொருளாதார சேத நிலை. புகையான் தூருக்கு ஒன்று இருந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். சைபர்மெத்ரின் போன்ற செயற்கை பைரித்ராய்டு மருந்துகளை நெல்லில் அடித்தால் சிலந்தி சாகும், புகையான் பெருகும். காசு கொடுத்துப் புகையானை வளர்த்துவிட்டு, அதைக் கொல்ல மறுபடியும் காசு கொடுத்து மருந்து வாங்கிய உழவர்கள் டெல்டாவில் எத்தனையோ பேர். வரப்பில் பத்து நிமிடம் நின்று குத்தைப் பிரித்து எண்ணிப் பார்த்தால் ஒரு தெளிப்பு மிச்சமாகலாம்.

இரண்டாவது, "இந்த வெயிலில் கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு எப்படி அடிப்பது?" உண்மை. குளிர்நாட்டுக்காகத் தைத்த உடையை நம் சித்திரை வெயிலில் போட முடியாது. முடியாது என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. முழுக்கைச் சட்டை, முழுக் கால்சட்டை, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி, கலக்கும்போது மட்டுமாவது ரப்பர் கையுறை — இவை குறைந்தபட்சம். மருந்தைக் கலக்கும் நேரத்தில்தான் அடர் நஞ்சு கையில் படுகிறது. காலையிலும் மாலையிலும் அடித்து, காற்று வீசும் பக்கம் முதுகு இருக்கும்படி நடந்தால் மருந்து முகத்தில் படிவது பெரிதும் குறையும். வெறுங்கையால் கலக்குவதும், அடைத்த முனையை வாயால் ஊதுவதும் இன்றே நிற்க வேண்டியவை. அடித்து முடித்த சட்டையை வீட்டுத் துணிகளோடு போடாதீர்கள். அதைத் துவைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். அவர் வயலுக்கே வராமல் நஞ்சைத் தொடுகிறார்.

மருந்து அடிக்கும்போதோ அடித்த பிறகோ தலைச்சுற்றல், வாந்தி, எச்சில் ஒழுகுதல், அதிக வியர்வை, பார்வை மங்கல், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குதல் தெரிந்தால் வீட்டில் படுக்க வைத்துப் பார்க்காதீர்கள். உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து என்று தெரிந்தால் மருத்துவர் அட்ரோபின் கொடுத்து உயிரைக் காக்க முடியும். என்ன மருந்து என்றே தெரியாவிட்டால் அவர் இருட்டில் தேட வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ரசீதும் பேட்ச் எண்ணும்

மருந்து வாங்கும்போது ரசீது கேளுங்கள். அதில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி நாள் இருக்க வேண்டும். கடனுக்கு வாங்கும்போது ரசீது கேட்கத் தயக்கமாக இருக்கும் என்பது தெரியும். ஆனால் போலி மருந்தால் பயிர் போனால், உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தத் தாள். விதை வாங்கும் உழவரும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சந்தேகம் வந்தால் திறந்த பாட்டிலோடு சண்டைக்குப் போகாமல், பேட்ச் எண்ணைக் குறித்து வேளாண் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். அதே எண் கொண்ட திறக்காத பாட்டில் கடையில் இருந்தால் அவர் முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப முடியும். "இயற்கை மருந்து", "பயோ" என்று சொல்லி, பதிவு எண்ணே இல்லாமல் விற்கப்படும் பாட்டில்களில் கூடுதல் கவனம் வேண்டும். அடித்த மறுநாளே பூச்சி சொத்தென்று விழுந்தால், அதற்குள் ரசாயனம் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுவதில் தவறில்லை.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் அரசுக்கும்

வேளாண் விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பயிற்சிகள் நில உரிமையாளரை நாற்காலியில் உட்கார வைத்து நடக்கின்றன. மருந்தைத் தோளில் சுமப்பவர் அந்த நாற்காலியில் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் கூலிக்கு மருந்து அடிப்பவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களின் பெயரைப் பட்டியலிட்டு, கூலி நாளை இழக்காத நேரத்தில் அவர்களுக்கென்றே பயிற்சி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வண்ண முக்கோணத்தை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2008-இலும் 2020-இலும் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன; இரண்டும் சட்டமாகவில்லை. புதிய சட்டம் எப்போது வந்தாலும், 38-ஆம் பிரிவை அப்படியே எடுத்துவிட்டு உழவரை வழக்கில் மாட்டிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தன் நிலத்தில் தானே அடிப்பவருக்கு அந்த விலக்கு இருக்கட்டும். கூலிக்கு ஆள் வைத்து அடிக்கும்போது மட்டும், பாதுகாப்பு உடை தருவதும் என்ன மருந்து என்று சொல்வதும் வேலை கொடுப்பவரின் கடமை என்று எழுதட்டும். அந்த உடை உழவருக்குக் கூடுதல் செலவாகாமல், மருந்தை விற்கும் நிறுவனமே பாட்டிலோடு சேர்த்துத் தரட்டும். மருந்தோடு வரும் துண்டுத்தாள் இந்தி, ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதில் உள்ள தமிழ், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில் இருக்கிறது. பயிர், அளவு, காத்திருப்புக் காலம், முதலுதவி ஆகிய நான்கையும் பாட்டிலின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிட வைக்கலாம். மருந்து நஞ்சேறிய நிகழ்வுகளைத் தெரிவிக்கச் செய்யும் அதிகாரம் 26-ஆம் பிரிவில் மாநில அரசுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலிருந்தும் அந்த விவரம் மாதந்தோறும் வேளாண் துறைக்கு வந்தால், அடுத்த யவத்மாள் நடக்கும் முன்பே தெரிந்துவிடும். ஆய்வில் தேறாத மருந்துகளின் பெயரையும் பேட்ச் எண்ணையும் ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அதுவரை உங்கள் வயலில் சட்டமாக இருக்கப்போவது லேபிள்தான். அடுத்த முறை மருந்து கலக்கும்போது, டேங்கைத் தூக்கப்போகிறவரை அருகில் கூப்பிடுங்கள். பாட்டிலை அவர் கையில் கொடுத்து முக்கோணத்தைக் காட்டுங்கள். மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும், அதற்காகக் கூலி குறையாது என்றும் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். அவரும் உங்களைப் போலவே மாலையில் வீட்டுக்குப் போக வேண்டியவர்.